எங்கே குடியிருப்பது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்த செயலாளர் தம்பி, "மாஸ்டர், சமயத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ உங்களுக்கு விருப்பமானதைப் பேசுங்கள்" என்றார். நான் எடுத்துக்கொண்டு வந்திருக்கும் பொருளோ வீட்டு வாடகை, காணி உறுதி, மழைத்தண்ணீர், கடைசி பஸ் என்பன பற்றியது. விழா மேடைக்கு இது ஏற்றதா என்று பெரியோர் சிலர் நினைக்கக்கூடும். ஏன் இதனை எடுத்துக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற தீபாவளிக்கு அடுத்த நாள் எமது அங்கத்தவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்தவர். பதுளைப் பட்டணத்திலே அவருக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. மனைவியையும் கைக்குழந்தையையும் வயதான தாயாரையும் அழைத்துக்கொண்டு இங்கே குடிவர எண்ணியிருக்கிறார். "மாஸ்டர், எந்தப் பக்கத்திலே வீடு எடுத்தால் நல்லது?" என்று கேட்டார். நானும் யோசியாமல், "பஸ் நிலையத்துக்குக் கிட்ட எங்கேயாவது பாருங்கள் தம்பி" என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு குடும்பத்தின் வருங்காலத்தையே தீர்மானிக்கிற கேள்விக்கு, ஐம்பது வருடம் இந்தப் பட்டணத்திலே சீவித்த நான் ஒரு வாக்கியத்திலே பதில் சொல்லிவிட்டேனே என்று வெட்கப்பட்டேன். அந்தத் தம்பி இந்தச் சபையிலே இருக்கிறார். அன்று சொல்லியிருக்கவேண்டிய பதிலை இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுகிறேன்.

தெரிவு செய்யாத பரம்பரை

அன்பர்களே, எம் முன்னோர் கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் கடல் கடந்து வந்து, காட்டுவழி நடந்து, இந்த ஊவா மலைகளுக்கு ஏறினார்கள். ஏறியவர்களுக்கு ஒரு லயத்திலே ஒரு காம்பரா கொடுக்கப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னே ஓர் இஸ்தோப்பு. மேட்டு லயமா பணிய லயமா, எத்தனையாம் காம்பரா, பக்கத்துக் காம்பராவிலே யார் என்பதையெல்லாம் தோட்டமும் பெரிய கங்காணியும் முடிவு செய்தார்கள். "இந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை, அந்த இடத்துக்குப் போகிறேன்" என்று சொல்லும் உரிமை என் பாட்டனாருக்கு இருக்கவில்லை. என் தகப்பனாருக்கும் இருக்கவில்லை.

அதன்மேல் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. எம்மவரிற் பெரும்பாலானோர் நாடற்றவரானார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எம்மைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. எஞ்சி நின்ற நாடற்றவர் பிரச்சினை 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களோடுதான் ஒருவாறு தீர்ந்தது. எந்த நாட்டிலே இருப்பது என்பதே தெரியாமல் ஒரு பரம்பரை காத்திருந்தபோது, எந்தத் தெருவிலே இருப்பது என்பதை யார் யோசித்திருக்க முடியும்?

ஆகையினால் வீடு தெரியும் வித்தை எங்களுக்குப் பரம்பரைச் சொத்தாக வரவில்லை. இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த மலையிலே எப்போது கொழுந்து திரளும், எந்தப் பீலியிலே கோடையிலும் தண்ணீர் வற்றாது என்று எம் பெரியவர்கள் சொல்லுவார்கள். எந்தத் தெருவிலே வீடு எடுப்பது என்று மட்டும் அவர்களாற் சொல்ல முடியாது. இங்கே இருக்கும் வாலிபர்களே, உங்களிற் பலர் உங்கள் குடும்பத்திலே தாம் வசிக்கும் இடத்தைத் தாமே தெரிவுசெய்கிற முதலாவது ஆட்கள். அந்தத் தெரிவு நன்றாய் அமையவேண்டும் என்பதுதான் என் கவலை.

முதலிலே நிலத்தைப் பாருங்கள்

வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எதைப் பார்க்கிறார்கள்? சுவரிலே பூசிய வர்ணத்தையும், நிலத்திலே பதித்த ஓட்டையும், சமையலறையின் அகலத்தையும் பார்க்கிறார்கள். நான் சொல்லுவது என்னவென்றால், வீட்டைப் பார்க்குமுன் தெருவைப் பாருங்கள். தெருவைப் பார்க்குமுன் அந்தத் தெரு இருக்கும் நிலத்தைப் பாருங்கள்.

இது என் சொந்த அநுபவம். 1976ஆம் ஆண்டு, கலியாணமான புதிதிலே, பட்டணத்தின் பள்ளப்பக்கத்தில், ஆற்றுக்கு அண்மையிலே ஒரு வீடு வாடகைக்கு எடுத்தேன். பார்க்கப் போனது ஆடி மாதம். உங்களுக்குத் தெரியும், ஆடி ஆவணியிலே எங்கள் பக்கத்திலே வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணத்தைக் கொடுக்கிற காற்று அதுதான். முற்றம் காய்ந்து கிடந்தது. சுவர் பளிச்சென்றிருந்தது. வாடகையும் குறைவு. மூன்று மாத வாடகையை முற்பணமாக எண்ணிக் கொடுத்தேன். "மழைக்காலத்திலே எப்படி?" என்று அயலிலே ஒருவரையாவது கேட்கவில்லை.

கார்த்திகையிலே விடை கிடைத்தது. பதுளு ஓயா எங்கள் பட்டணத்தைச் சுற்றி வளைத்து ஓடும் ஆறு அல்லவா? அது நிரம்பி வந்து எங்கள் வாசற்படியைத் தொட்டது. உள்ளே வராவிட்டாலும் சுவரெல்லாம் ஈரம் கசிந்தது. பிறந்து சில மாதங்களேயான எங்கள் பிள்ளைக்கு மார்ச்சளி பிடித்து, பெரியாஸ்பத்திரியிலே ஒன்பது நாள் வைத்திருந்தோம். பிள்ளை பிழைத்தது ஆண்டவன் செயல். நாங்கள் வீட்டை விட்டு வெளியேறினோம். முற்பணம் திரும்பி வரவேயில்லை. வீட்டுக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் ஒளிக்கவில்லை, நான் கேட்கவில்லை.

பதுளைக்குப் பெருமழை ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும். ஆகவே கூடுமானால் அந்த மாதங்களிலே போய் வீட்டைப் பாருங்கள். வேறு மாதத்திலே பார்ப்பதானால், கார்த்திகையிலே தண்ணீர் எங்கே நின்றது என்று அயலிலே மூன்று வீட்டாரையாவது கேளுங்கள். மூவரும் ஒரே இடத்தைக் காட்டினால் நம்புங்கள்.

ஆற்றுக்குப் பயந்து மேட்டுக்கு ஏறுகிறவர்கள் மலைக்கும் பயப்படவேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையை நாம் மறக்கமுடியுமா? 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையிலே மலை இறங்கி வந்து லயங்களை மூடிக்கொண்டது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இருக்கவில்லை. மிஞ்சியவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்திலே தங்கியிருந்து, 2016ஆம் ஆண்டிலேதான் மாகல்தெனியவிற் கட்டப்பட்ட 75 வீடுகளுக்குக் குடிபோனார்கள். அதற்குப் பின்னும் 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியிலே டித்வா சூறாவளி வந்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டங்களிலே எங்கள் பதுளை மாவட்டமும் ஒன்று. புகையிரதப் பாதையும் பல இடங்களிலே உடைந்து போயிற்று.

இந்த மலைகளை ஆராய்ந்து எச்சரிக்கை விடுப்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணித்தியாலத்திலே 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருக்கவேண்டும்; 100 மில்லிமீற்றர் பெய்தால் ஆயத்தமாகவேண்டும்; 150 மில்லிமீற்றர் பெய்தால் அபாயமுள்ள இடத்தை விட்டு வெளியேறவேண்டும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிலே வீடு கட்டுமுன் அந்நிறுவனத்தின் பரிந்துரையைப் பெறவேண்டும். இதனை வீண் அலைச்சல் என்று எண்ணாதீர்கள். வாடகை வீடானாலும், வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி எடுத்த செங்குத்தான சுவர் இருக்கிறதா, மரங்கள் சரிந்து நிற்கின்றனவா, நிலத்திலே வெடிப்பு உண்டா, கதவு திடீரென்று இறுகிக்கொள்கிறதா, இல்லாத இடத்திலே புதிதாய் ஊற்றுக் கிளம்பிக் கலங்கல் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். இவற்றைப் பார்க்க உங்கள் தகப்பனாரையும் அழைத்துப் போங்கள். வீட்டின் விலை அவருக்குத் தெரியாமலிருக்கலாம். நிலம் நகர்வதையும் தண்ணீர் திசைமாறுவதையும் வாழ்நாளெல்லாம் மலையிலே நின்றவரைவிட நன்றாய் அறிந்தவர் யார்?

அடுத்தது வழி

பதுளைப் பட்டணத்திலிருந்து வழிகள் பல பிரிகின்றன. ஹாலி-எல வழியாகப் போவது பண்டாரவளை வீதி. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் பக்கமாகப் போவது பசறை வீதி. துன்ஹிந்தை நீர்வீழ்ச்சிப் பக்கமாக இறங்குவது மஹியங்கனை வீதி. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு ஏறுவது ஒரு வீதி. நீங்கள் எந்த வீதியிலே குடியிருப்பது என்பதை நீங்கள் எங்கே அடிக்கடி போகவேண்டியிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கவேண்டும்.

தாய் தகப்பன் பசறைப் பக்கத்துத் தோட்டத்திலே இருக்கிறார்கள். மகன் பண்டாரவளை வீதியிலே வெகுதூரத்தில் வீடு எடுக்கிறான். ஞாயிறுதோறும் போவேன் என்கிறான். முதல் மாதம் நான்கு ஞாயிறும் போவான். மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு. பிறகு தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மாத்திரம். அவன் கெட்டவன் அல்ல; இரண்டு பஸ் மாறிப் போகிற களைப்பு அவனை அப்படிச் செய்துவிடுகிறது.

வாடகை மலிவு என்று பட்டணத்துக்கு வெளியே தூரமாய்ப் போகிறவர்கள் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடவேண்டும். வாடகை ஒரு பக்கம். வீட்டிலே உள்ள ஒவ்வொருவருடைய பஸ் செலவும் மறுபக்கம். அதோடு கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் ஓட்டோவுக்கு எவ்வளவு, இராத்திரியிலே தாயாருக்கு நெஞ்சுவலி வந்தால் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் என்பதையும் எழுதுங்கள். குறைந்த வாடகை சில வேளைகளிலே கூடின வாடகையாய் முடியும்.

இன்னொன்று. வீட்டைப் பார்க்க ஆண்பிள்ளைகள் மட்டும் போய் முற்பணம் கொடுத்துவிட்டு வருகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். பகல் முழுவதும் அந்த வீட்டிலே இருக்கப்போகிறவள் மனைவி. வேலை முடிந்து இருட்டிலே அந்த ஒழுங்கை வழியாக நடந்து வரப்போகிறவள் தங்கை. ஒழுங்கையிலே வெளிச்சம் உண்டா, படிக்கட்டு எத்தனை, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று அவர்கள் கேட்பார்கள். எங்கள் இரண்டாவது வீட்டை என் மனைவிதான் தெரிவுசெய்தாள். சுவர் கோணல், கூரையும் பழசு. "தண்ணீர் இருக்கிறது, அயலிலே நல்ல மனுஷர் இருக்கிறார்கள், இது போதும்" என்றாள். அந்த வீட்டிலே பதினெட்டு வருடம் இருந்தோம்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

தோட்டத்தை விட்டு இறங்குகிறவர்களைக் கேட்டால், பத்துப் பேரிலே எட்டுப்பேர் "பிள்ளையின் படிப்புக்காக" என்பார்கள். பதுளையிலே தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சரஸ்வதிக் கல்லூரி இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் மகளிர் மகா வித்தியாலயம் இருக்கிறது. ஆனால் பட்டணத்துக்கு வந்துவிட்டால் மாத்திரம் இடம் கிடைத்துவிடாது.

அரசாங்கப் பாடசாலைகளிலே முதலாந்தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையிலே, பாதி இடங்கள் பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு ஒதுக்கப்படுகின்றன. அண்மையில் வசிப்பதாக வாயாற் சொன்னாற் போதாது. வாக்காளர் இடாப்பிலே அந்த முகவரியிற் பல வருடம் பெயர் இருக்கவேண்டும்; வீட்டு உறுதியோ பதிவுசெய்த குத்தகைப் பத்திரமோ காட்டவேண்டும். வீட்டுக்கும் கேட்கிற பாடசாலைக்கும் நடுவிலே வேறு பாடசாலைகள் இருந்தாற் புள்ளி குறையும். பிள்ளைக்கு ஐந்து வயதான பிறகு வீடு தேடுகிறவர், பஸ் போன பிறகு தரிப்பிடத்துக்கு ஓடி வருகிறவரைப் போன்றவர்.

ஆகவே, கைக்குழந்தை இருக்கிறவர்கள் இப்போதே யோசியுங்கள். குடிவந்த வருடமே கிராம சேவகரிடம் போய் வாக்காளர் இடாப்பிலே பெயரைப் பதியுங்கள். எம்மவரிலே எத்தனையோ பேர் பட்டணத்திலே பத்து வருடம் இருந்தும் பெயரைத் தோட்டத்து இடாப்பிலேயே விட்டு வைத்திருக்கிறார்கள். "என்றைக்காவது திரும்பிப் போவோம்" என்ற எண்ணம். காலொன்று அங்கே, காலொன்று இங்கே. நாடற்றவர் என்ற பெயரை நீக்க எம் முன்னோர் நாற்பது வருடம் போராடினார்கள். தெருவற்றவர் என்ற பெயரை நாமாக வாங்கிக்கொள்ளலாமா?

காகிதமும் காணியும்

வாடகைக்கு எடுக்கிறவர்கள் கைப்பற்றுச்சீட்டு இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். எத்தனை மாதம், எவ்வளவு, வெளியேறும்போது எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்திலே வாங்குங்கள். 1976இலே நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள்.

காணி வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடியும் கொஞ்சமும். ஆகவே 10 பேர்ச் என்பது ஏறக்குறைய 2,722 சதுர அடி. தோட்டத்து வீட்டுத் திட்டங்களிலே பேசப்பட்ட 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,906 சதுர அடி. பேர்ச் என்ற சொல்லைக் கேட்டு மயங்காமல் அடியிலே பெருக்கிப் பாருங்கள். அந்த நிலத்திலே எவ்வளவு சமதரை, எவ்வளவு சரிவு, பாதைக்கு எவ்வளவு போகும் என்றும் பாருங்கள். நில அளவையாளரின் படத்தைக் கேளுங்கள். நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்திலே பழைய உறுதிகளைத் தேடிப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

தோட்டத்து ஓரத்திலே துண்டு காணி மலிவாய் இருக்கிறது என்று யாராவது கைக்கடிதம் நீட்டினால் மிக்க கவனம் வேண்டும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின் பெருந்தோட்டங்கள் அரசாங்கத்துக்குச் சொந்தமாயின. 1992ஆம் ஆண்டு முதல் கம்பனிகள் அவற்றை நடத்துகின்றனவேயன்றி, நிலம் அவற்றுக்குச் சொந்தமானதல்ல. கம்பனிக்கே இல்லாத உரிமையைக் கைக்கடிதக்காரர் உங்களுக்கு எப்படி விற்க முடியும்? பட்டணத்திலே கூலிவேலை செய்து சேர்த்த பணத்தையும் மனைவியின் தாலிக்கொடியையும் இப்படிப்பட்ட காகிதத்துக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற குடும்பத்தை நான் கண்ணாற் கண்டிருக்கிறேன்.

அயலார்

நிலமும் வழியும் பள்ளிக்கூடமும் பத்திரமும் சரியாக அமைந்தாலும், அயல் அமையாவிட்டால் அது குடியிருப்பு ஆகாது. இதிலே பெரியோர்கள் சிலர் என்னோடு மாறுபடக்கூடும். "எங்கள் சனங்கள் இருக்கிற தெருவிலேயே போய் இருக்கவேண்டும், கோயில்மணி கேட்கவேண்டும்" என்பது அவர்கள் எண்ணம். கோயில் கிட்ட இருப்பது நல்லது. முன்னோர் கோயிலையும் குடியிருப்பையும் சேர்த்தே பேசியிருக்கிறார்கள். மார்கழியிலே விடியற்காலம் பிள்ளைகள் நடந்து போய்க் கும்பிட்டு வரக்கூடிய தூரத்திலே வீடு இருந்தால் அது பெரும் பாக்கியம். ஆனால் எம்மவர் மாத்திரம் கூடியிருந்தாற்போதும் என்று எண்ணுவது, லயத்தை விட்டு இறங்கி வந்து பட்டணத்திலே இன்னொரு லயம் கட்டுவது போலாகும்.

1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறேன். அந்தக் கலவரம் பதுளைக் கடைத்தெருவையும் விட்டுவைக்கவில்லை. தமிழருடைய கடைகள் எரிந்த புகையை நான் என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன். அதற்கு முன்னும் 1977இலும் 1981இலும் அடிபட்டு, இந்த மலைகளை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் எத்தனையோ. அந்த வடுவை இல்லையென்று சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆயினும் அந்த ஜூலையிலே என் மனைவியையும் பிள்ளைகளையும் தன் வீட்டுப் பின்னறையிலே வைத்துக் கதவைப் பூட்டி, தானே வாசலிலே பாயைப் போட்டுப் படுத்திருந்தவள் அடுத்த வீட்டுச் சிங்களக் கிழவி. "அயலிலே நல்ல மனுஷர்" என்று என் மனைவி சொன்னாளே, அவர்களிலே அந்த அம்மாவும் ஒருத்தி. தைப்பொங்கலுக்கு நாங்கள் கொடுத்த சர்க்கரைப் பொங்கலும், சித்திரைப் புதுவருடத்துக்கு அவள் அனுப்பிய கொக்கிஸும் ஏழு வருடம் கட்டிய சுவர் அது. அந்தச் சுவரை வாடகைப் பத்திரத்திலே எழுத முடியாது.

ஆகவே, குடிபோன முதல் வாரத்திலேயே இருபுறத்து வீட்டாரையும் போய்ப் பாருங்கள். சிங்களம் பேசப் பழகுங்கள். அந்தத் தெருவிலே மரண உதவிச் சங்கம் இருந்தால் முதல் மாதமே சேருங்கள். 1989ஆம் ஆண்டு என் தகப்பனார் என் வீட்டிலே காலமானபோது, தோட்டத்து உறவினர் வந்து சேர மத்தியானமாயிற்று. அதற்குள்ளே தெருச் சங்கத்தார் கொட்டகை போட்டு, கதிரை அடுக்கி, கோப்பி வைத்து, எல்லாம் முடித்திருந்தார்கள். அந்தக் காலையிலேதான் இது என் தெரு என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு சங்கதியும் சொல்லவேண்டும். வீடு கேட்டுப் போனால், "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் முகம் மாறி, "வீடு பேசியாயிற்று" என்று கதவைச் சாத்தியவர்களை நானும் கண்டிருக்கிறேன். அதற்குப் பயந்து சில வாலிபர் வேறு ஊர்ப் பெயரைச் சொல்லுகிறார்கள். தாயார் தோட்டத்திலிருந்து வந்தால் இருட்டிய பின் வரச்சொல்லுகிறார்கள். தம்பிமாரே, தங்கைமாரே, அப்படிச் செய்யாதீர்கள். தோட்டத்தின் பெயரைக் கேட்டுச் சாத்துகிற கதவு, எப்படியும் நீங்கள் நுழையக்கூடாத கதவு. பெற்ற தாயைப் பகலிலே வரவேற்க முடியாத வீடு எவ்வளவு வாடகை குறைந்தாலும் எங்களுக்கு வேண்டாம்.

இறங்காதவர்களும் இருக்கிறார்கள்

எல்லோரும் பட்டணத்துக்கு இறங்கிவிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் தகப்பனாரை 1980இலேயே அழைத்தேன். "நான் நட்ட முருங்கை அங்கே இருக்கிறது, நான் கும்பிட்ட சாமி அங்கே இருக்கிறது" என்று மறுத்துவிட்டார். கடைசி நாலு மாதந்தான் என்னோடு இருந்தார். தினமும் பின்னேரத்திலே வாசலிலே உட்கார்ந்து நமுனுகுலை மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரியவர்களைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் அவர்களையும் கேளுங்கள். அவர்களுக்கு ஒரு வாசல், ஒரு மலை, பேச ஓர் ஆள் இருக்கிற இடமாகத் தெரியுங்கள்.

தோட்டத்திலேயே இருக்கிறவர்களுக்கும் தெரிவு உண்டு. இந்திய வீடமைப்புத் திட்டத்திலே முதலில் 4,000 வீடுகளும், 2017ஆம் ஆண்டு மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டிலே அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் மலையகத் தோட்டங்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. வீடு தருகிறோம் என்றால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். ஆனால் எந்த நிலத்திலே என்று கேளுங்கள். மண்சரிவுப் பரிந்துரை இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து, உறுதி யார் பெயரிலே என்று கேளுங்கள். கேட்பது நன்றிகெட்டதனம் அல்ல. மீரியபெத்தைக்குப் பிறகு கேளாமல் இருப்பதே பிழை.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

முடிவாக எம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அலுவலகத்திலே ஒரு கொப்பி வையுங்கள். பட்டணத்திலே வாடகைக்கு உள்ள வீடுகள், அந்தத் தெருவிலே மழைக்காலத்துத் தண்ணீர் நிலை, கடைசி பஸ், கிட்ட உள்ள பள்ளிக்கூடம், அந்தத் தெருவிலே விசாரிக்கக்கூடிய அங்கத்தவர் யார் என்பதை எழுதி வையுங்கள். தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தால், ஞாயிற்றுக்கிழமையிலே சங்கத்திலிருந்து இரண்டு வாலிபரும் ஒரு பெரியவரும் கூடப் போங்கள். குடிபோன முதல் மாதத்திலே ஒரு தடவை எட்டிப் பாருங்கள். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அங்கத்தவர் ஒருவர் ஒரு பின்னேரத்தைக் கொடுத்தாற் போதும்.

1924ஆம் ஆண்டு புகையிரதப் பாதை பதுளைக்கு வந்து நின்றது; அதற்கு அப்பாலே பாதை போகவில்லை. பாதை முடிகிற ஊர் என்று எங்கள் ஊரைச் சொல்லுவார்கள். எம்மவருக்கோ இது தெரிவு தொடங்குகிற ஊராக இருக்கவேண்டும். மடுல்சீமையிலிருந்து வந்த அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்: கார்த்திகை மழையிலே ஒரு நாள் என்னோடு வாருங்கள்; உங்கள் மனைவியும் தாயாரும் வரட்டும். குடை பிடித்துக்கொண்டு நாலு தெருவிலும் நடந்து பார்ப்போம்.